பூனைங்க வரலியா?

"மிஸ்ஸி, பூனைங்க எங்க? இன்னிக்கு வரலியா?"

"இங்க பூனையெல்லாம் கிடையாது தாத்தா. படுங்க."

"ஏன் இல்ல? இருந்தாங்களே. ரெண்டு பேரு. இவ்ளோ முடி."

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அகலமாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

இவ்வளவுதான் நடந்தது. இரவு 2 மணி இருக்கும், நான் நைட் ஷிப்ட் நர்ஸ். இங்கே சிங்கப்பூரில் பழைய ஆட்கள் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். போர்வையை இழுத்துவிட்டு வந்து கணினியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். பூனைகள் தெரிவதாகச் சொல்கிறார், இரவில் அமைதியில்லை. காலையில் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரிலும் அதையே சொன்னேன். டாக்டர் வந்து பார்த்து இரவு மருந்தை மாற்றினார். அடுத்த இரண்டு வாரம் தாத்தா பகலிலும் தூங்கி வழிந்தார். மருந்தால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவருக்கு உடம்பும் சரியில்லாமல்தான் இருந்தது.

நான் செய்தது முறைதான் என்று இன்றும் வாதாடுவேன். மறதி நோயில் லூயி பாடி என்று ஒரு வகை உண்டு. அதில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். குட்டி மனிதர்கள், நாய், பூனை என்றுதான் நிறையப் பேர் சொல்வார்கள். அப்படி ஒருவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு எழுதாமல் விடுவதுதான் தப்பு.

அந்த இரண்டாவது வாரக் கடைசியில் மகள் வந்தார். அப்பாவுக்குப் பூனை தெரிகிறதாமே என்று பயந்துபோய்க் கேட்டார். தாத்தா சொன்னதை அப்படியே சொல்லி, கையால் காட்டியதையும் செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "சிஸ்டர், அது ஆலிகேட்ஸ்" என்றார்.

ஊரிலிருந்து வந்த எனக்கு அந்தப் பெயரே தெரியாது. ஆலிகேட்ஸ் என்றால் தெருப்பூனைகள், ஒரு பாட்டுக் குழுவின் பெயர். பினாங்குத் தமிழர்களான டேவிட் ஆறுமுகமும் லோகா ஆறுமுகமும் முன்னால் நின்று பாடிய குழு. அண்ணன் தம்பி இருவருக்கும் தலையைச் சுற்றிப் பந்துபோலச் சுருட்டை முடி. அவர்களைப் புகழுக்குக் கொண்டுபோன பாட்டுகள் மலாயில். அவற்றில் பலவற்றுக்கு மெட்டமைத்த எம். நாசிர் இங்கே சிங்கப்பூரில் பிறந்தவர். தாத்தா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். வேலை முடிந்ததும் மலாய்க் கூட்டாளிகளோடு புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் கித்தாரோடு உட்கார்ந்துவிடுவாராம். வீட்டில் அந்தக் குழுவுக்குப் பெயரே 'பூனைங்க'தானாம். 2007 ஜூனில் லோகா புற்றுநோயில் இறந்தபோது அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார் என்றார் மகள்.

நாங்கள் ஃபைலில் 'தமிழ்' என்று இருப்பதைப் பார்த்து, மாலையானால் அவருக்கு டி.எம்.எஸ். பாட்டு போட்டுக்கொண்டிருந்தோம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். 'இசையில் ஆர்வமில்லை' என்று அதையும் நான்தான் எழுதியிருக்கிறேன்.

இதையெல்லாம்கூடத் தெரியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். என்னால் விடமுடியாதது 'இருந்தாங்களே' என்ற அந்தச் சொல். 'ரெண்டு பேரு' என்றார். பூனையை எந்தத் தமிழன் அப்படிச் சொல்வான்? 'இருந்துச்சு', 'ரெண்டு பூனை' என்றுதானே வரும்? மூன்றாம் வகுப்பில் படித்த உயர்திணை, அஃறிணை. அந்த ஷிப்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிலிப்பைன்ஸ் நர்ஸோ மியன்மார் நர்ஸோ கேட்டிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்காது, குற்றமும் இல்லை. எனக்கு அது காதில் விழுந்தது. ஆங்கிலத்தில் எழுதியபோது அந்த 'ஆங்க' காணாமல் போய்விட்டது. மகள் வந்து சொல்லும்வரை எனக்கு அது உறைக்கவும் இல்லை.

எனக்கு இளையராஜா அப்படி. அப்பாவின் டேப்பில் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. நைட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் முதலில் காதில் மாட்டுவது அதைத்தான், அது இல்லாமல் எனக்கு வீடு வந்து சேராது. பத்து வயதிலிருந்து முப்பது வரைக்குமான நினைவுகள்தான் வயதான பிறகும் அதிகம் தங்கும் என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். எழுபது வயதில் ஏதோ ஒரு ஊர்க் கட்டிலில் கிடந்து "ராஜா வரலியா?" என்று நான் கேட்டால், நோயாளிக்கு அரசர்கள் தெரிகிறார்கள் என்று ஒரு பெண் எழுதிவைப்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

மகள் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். மருந்தைக் குறைத்தார். ஆனால் தூக்கத்துக்கு எப்படியும் ஏதாவது கொடுத்திருப்பேன் என்றார். அதில் எனக்கு ஆறுதல் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

மறுநாள் என் கைப்பேசியில் ஆலிகேட்ஸ் பாட்டு ஒன்றைத் தேடி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். முகம் மலரும், கூடவே பாடுவார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். முடிந்ததும், தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், வேண்டும் என்றார். கலக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

கப்பை வாங்கிக்கொண்டவர் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார்.

"அதோ, உக்காந்திருக்கு பாரு மிஸ்ஸி."

உக்காந்திருக்கு என்றார். உக்காந்திருக்காங்க என்று சொல்லவில்லை. "எது தாத்தா?" என்று கேட்டேன். பதில் இல்லை, தே ஓவை ஊதிக்கொண்டிருந்தார்.

அன்று ஹேண்டோவரில் பாட்டுப் போட்டதை மட்டும் சொன்னேன்.