பி.பி.எல். வகுப்பில் கேள்வி எழுதும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்

மூன்றாம் செமஸ்டர் முடிவுகள் போன வாரம் வந்துவிட்டன. அடல்ட் ஹெல்த் நர்சிங் தாளில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வாங்கியிருக்கிறேன். ஊட்டி ஹாஸ்டலில் ஜூனியர்கள் வந்து கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "எந்த கைடு படித்தீர்கள், அக்கா?" கைடைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எனக்குக் கைகொடுத்தது நீங்கள் எல்லோரும் சலித்துக்கொள்கிற அந்தப் பி.பி.எல். (Problem-Based Learning) வகுப்பு: ஒரு நோயாளியின் கதை தாள் தாளாக வரும், படிக்கவேண்டிய கேள்விகளைக் குழுவே பலகையில் எழுதி, படித்துவந்து பேசவேண்டும்.

சலிப்புக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. வாய் உள்ளவர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கடைசியில் குழுவுக்கே ஒரே மதிப்பெண். எங்கள் குழுவில் ஒருவர் செல்போனைப் பார்த்து வாசித்தே செமஸ்டரை ஓட்டினார். உள்மதிப்பீட்டில் அவருக்கும் எனக்கும் ஒரே எண். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 1969இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இந்த முறை தொடங்கியபோது, டியூட்டர் பாடம் நடத்தாமல் வழிமட்டும் காட்டவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எங்கள் வகுப்பிலோ சிறிது நேரம் அமைதி நிலவினாலே விரிவுரை ஆரம்பித்துவிடும்.

நான் கூட்டத்தில் பேசக் கூசுகிறவள். அதனால் பலகையில் குறிப்பெழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாருக்கும் வேண்டாத வேலை, உடனே கொடுத்துவிட்டார்கள். ஆனால் யார் என்ன பேசினாலும் இறுதியில் பலகையில் ஏறுகிற வாக்கியம் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. குழு படிக்கப்போவது அந்த வாக்கியத்தைத்தான்.

எங்களுக்கு வந்த ஒரு கேஸைச் சொன்னால் விளங்கும். கூடலூர்ப் பக்கத்துப் பணியர் சமூகப் பெண், வயது பதினாறு. டிசம்பரில் உறவினர் திருமணத்துக்காக ஊட்டிக்கு வருகிறாள். நடுவட்டம் வளைவுகளில் வாந்தி வரும் என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரவில் கை, கால், முதுகில் தாங்கமுடியாத வலி. ஏற்கெனவே சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) உள்ளவள். முதல் தாளில் இவ்வளவுதான்.

குழு உடனே சொன்ன கேள்வி: "சிக்கிள் செல் அனீமியா என்றால் என்ன?" இதை எழுதினால் எல்லோரும் போய் ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். தவறில்லை, ஆனால் அந்தப் பெண் அங்கே காணாமல் போய்விடுகிறாள். நான் எழுதியது வேறு: "காலையில் நன்றாக இருந்தவளுக்கு இரவில் வலி வரவைத்தவை எவை? அவற்றில் வார்டில் நர்ஸ் மாற்றக்கூடியவை எவை?"

அந்த நொடியில் தாள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்காதது, குளிர், ஆயிரம் மீட்டர் சொச்சம் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஒரே நாளில் ஏறியது. மூன்றும் சிவப்பணுக்களை அரிவாளாக வளையச் செய்து சிறு ரத்தக் குழாய்களை அடைக்கக்கூடியவை. மூன்றுக்கும் நர்ஸ் செய்ய வேலை உண்டு: திரவம் கொடுத்து உள்ளே போவதையும் வெளியேறுவதையும் அளந்து எழுதுவது, கம்பளியும் இளஞ்சூட்டு ஒத்தடமும், ஆக்சிஜன் அளவைக் கவனிப்பது. இவற்றுடன் வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது. "நடிக்கிறாள்" என்று வார்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. இரண்டாம் தாளில் காய்ச்சலும் நெஞ்சுவலியும் வந்தன. நுரையீரல் பாதிப்பாக இருக்கலாம், உடனே மருத்துவரை அழைக்கவேண்டும் என்று பேசாத பெண்கள்கூடச் சொன்னார்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதே நோயைத் தொட்டு, "வலிக்கு ஐஸ் வைக்கலாமா?" என்று கேட்டார் தேர்வாளர். கூடாது, குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அடைப்பு கூடும் என்றேன். அடுத்த கேள்வி வரவில்லை. இந்தியாவில் இந்தப் பண்பு முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல் என்பதையும் சொல்லக் காத்திருந்தேன், அவர் கேட்கவில்லை.

எழுத்துத் தேர்வின் 75 மதிப்பெண்ணில் சிக்கிள் செல் வரவே இல்லை. கல்லீரல் சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) நோயாளி, வயிற்றில் நீர், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வந்தது. அதே இரட்டைக் கேள்வியை ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். தலைப்பக்கத்தை உயர்த்துவது, தினசரி எடை, வயிற்றுச் சுற்றளவு, உப்புக் குறைப்பு எல்லாம் காரணத்தோடு வரிசையாக வந்தன.

செய்யவேண்டியவை:

- தாளில் உள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் "இது ஏன் இங்கே?" என்று கேளுங்கள். ஊர், மாதம், பஸ் பயணம் உட்பட.
- "என்றால் என்ன" என்று முடியும் கேள்வியைப் பலகையில் ஏற்றாதீர்கள்.
- ஆளுக்கொரு கேள்வி என்று பங்குபோடாதீர்கள். எல்லாக் கேள்வியையும் எல்லோரும் படிக்கவேண்டும். சண்டை வரும், வரட்டும்.
- பலகையை அழிக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் தேட இணையம் இருக்காது. புத்தகப் பக்க எண்ணையும் அன்றே குறித்துவையுங்கள்.
- டியூட்டர் விரிவுரையில் இறங்கினால், "இதை நாங்கள் படித்துவிட்டு வரட்டுமா, மேடம்?" என்று பணிவாகக் கேளுங்கள். எங்களுக்கு ஒருமுறை பலித்தது.

பேச்சில் கெட்டிக்காரர்களுக்கு இது ஒத்துவருமா தெரியாது. அவர்கள் குழுத் தலைவராக உட்காரட்டும். அதற்கான வழிகாட்டலை அவர்களில் யாராவது எழுதட்டும்.