தண்டுவட நீரில் ஐஎல்-8 அளக்கும்போது எண் எங்கே கெடுகிறது

பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் மூளையைச் சேதப்படுத்துவது கிருமி மட்டுமல்ல, அதைக் கொல்ல உள்ளே குவியும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களும்தான். வெள்ளணுக்களை அங்கே வரவழைப்பவை கீமோகைன்கள் என்ற சிறு புரதங்கள்: ஐஎல்-8 (இன்டர்லூக்கின்-8) நியூட்ரோஃபில்களை இழுக்கிறது, சிசிஎல்2 மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களை. இந்த நோயில் ஐஎல்-8 பெரும்பாலும் இரத்தத்தைவிடத் தண்டுவட நீரில்தான் அதிகம்; அது மூளையுறைக்குள்ளேயே சுரப்பதற்கு அதுவே சான்று. அதனால் அதே வேளையில் இரத்தமும் எடுத்து வைக்காவிட்டால், தண்டுவட நீரின் எண்ணை மட்டும் வைத்து அதிகம் சொல்ல முடியாது.

கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை), செல் எண்ணிக்கை, சர்க்கரை, புரதம் ஆகியவற்றுக்குப் போக மிஞ்சியதே ஆய்வுக்கு. அரை மில்லிலிட்டர் தாராளம். ஆன்டிபாடி கொண்டு புரதத்தை நிறமாகக் காட்டி அளக்கும் எலைசா தட்டைவிட, நீர் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலான மாதிரிகள் வீணாகின்றன. மேசையில் கிடக்கும் நீரில் வெள்ளணுக்கள் உடையும், உயிரோடு இருப்பவை தொடர்ந்து ஐஎல்-8 சுரக்கும். உடனே ஐஸில் வைத்து, மையவிலக்குக் கருவியின் மூடியுள்ள ரோட்டரில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்ற வேண்டும். இந்த நோயைத் தரும் கிருமிகளில் ஒன்றான மெனிங்கோகாக்கஸ் நுண்துளிகள் வழியே பரவக்கூடியது. குழாயைப் பாதுகாப்பு கேபினெட்டுக்குள் மட்டுமே திறக்க வேண்டும். அடிவண்டலைத் தொடாமல் மேல்நீரைப் பாலிப்ரோப்பிலீன் குழாய்களில் 100 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வைக்கிறோம். ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய விடுவதில்லை.

ஊசி குத்தியதில் இரத்தம் கலந்த மாதிரி தனிச் சிக்கல். சிவப்பணுக்களின் டஃபி புரதம் ஐஎல்-8-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். அணு உடைந்தால் அது வெளியே வரும். நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் குறித்து வைத்து, அந்த முடிவைத் தனியே பார்ப்பதே நேர்மை.

எலைசாவில் மிகச் சாதாரணமான தவறு, நீர்க்காமல் ஊற்றுவது. நோய் தீவிரமானால் ஐஎல்-8 அளவு, தெரிந்த செறிவுகளைக் கொண்டு வரைந்த நிர்ணயக் கோட்டின் உச்சியைத் தாண்டிவிடும். மாதிரியையும், நிறம் காட்ட உதவும் இரண்டாம் ஆன்டிபாடியையும் ஒன்றாகச் சேர்க்கும் கிட்களில் அளவு மிகுந்தால் நிறம் குறைந்தும் காட்டும். 10 மடங்கு, 100 மடங்கு என இரண்டு நீர்ப்புகளையும் ஓட்டுங்கள். பெருக்கிய விடைகள் ஒத்துப்போகாவிட்டால் நம்ப வேண்டாம். நீர்க்கப் புரதம் கலந்த பஃபர்தான் வேண்டும். இல்லையேல் கீமோகைன் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சுண்டெலியில் இந்த நோயை உண்டாக்கி ஆய்பவர்கள் ஐஎல்-8 கிட் வாங்க வேண்டாம். அந்த ஜீனே சுண்டெலிக்குக் கிடையாது. அங்கே அதே வேலையைச் செய்யும் சிஎக்ஸ்சிஎல்1, சிஎக்ஸ்சிஎல்2 ஆகியவற்றைத்தான் அளக்க வேண்டும்.

நோயாளி படிவத்தில் டெக்ஸாமெத்தசோன் (அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு), ஆன்டிபயாடிக் இரண்டும் போட்ட நேரத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஆன்டிபயாடிக்கால் கிருமி உடையும்போது சிதறும் செல்சுவர்த் துண்டுகள் அழற்சியைத் தூண்டும். அதனால்தான் 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 10 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை ஆன்டிபயாடிக்குக்கு 15-20 நிமிடம் முன்போ அதனுடனோ தொடங்கி, 6 மணிக்கொருமுறை 4 நாள் கொடுத்தார்கள். மருந்துக்கு முன் எடுத்த நீரையும் பின் எடுத்ததையும் ஒரே குழுவில் சேர்த்தால் சராசரிக்குப் பொருளே இல்லை.