பெட்ரோலை அளக்க ஒரு குச்சி

கிழக்கு ஜெர்மனியின் மலிவான சின்னக் கார் ட்ராபன்ட். பழைய ட்ராபன்ட்களில் பெட்ரோல் முள் கிடையாது. பானெட்டைத் திறந்து, டாங்க் மூடியைக் கழற்றி, அளவுகுச்சியை விட்டுப் பார்த்துத்தான் எவ்வளவு மிச்சம் என்று அறிய வேண்டும். டாங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கிவிடும், பம்ப்பே வேண்டாம். இதைப் படித்த அன்றே அந்த வண்டியின் மேல் எனக்கு ஆசை விழுந்துவிட்டது.

ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் ட்ராபன்ட்கள் உருவாயின. எஃகுத் தகடுக்குத் தட்டுப்பாடு என்பதால், பருத்திக் கழிவைப் பிசினோடு சேர்த்து அழுத்தி மேற்பலகைகளைச் செய்தார்கள். எஞ்சின் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் அதற்கு உயவு. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்துவிடும், எஞ்சின் காய்ந்துபோகும். அதற்காகவே நான்காவது கியரில் சக்கரம் எஞ்சினை இழுக்காதபடி விட்டுவிடும் ஓர் அமைப்பை வைத்தார்கள். கையில் ஒன்றும் இல்லாத ஒருவர் இரவெல்லாம் விழித்து யோசித்தது போல இருக்கிறது எனக்கு. விலையுயர்ந்த கார்களில் இந்த யோசனையைப் பார்க்க முடிவதில்லை. அங்கே பணமே பாதிக் கணக்கைத் தீர்த்துவிடுகிறது.

1963இல் வந்த பிரிட்டிஷ் கார் ஹில்மன் இம்ப்பும் அப்படித்தான். சின்னக் குடும்பக் காருக்கு முழுக்க அலுமினிய எஞ்சின், அதுவும் பின்பக்கம்! துணிச்சலுக்கு விலையும் கொடுத்தது. அளவுக்கு மீறிச் சூடேறினால், எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும். மலிவு வண்டியைப் போர்த்திப் பாதுகாத்தவர் யார்? பழுதுபார்க்கும் செலவு வண்டியின் மதிப்பைத் தாண்டிய அன்றே அது காயலான் கடைக்குப் போனது. தெருவெல்லாம் ஓடியவை இன்று அபூர்வமானது இப்படித்தான்.

என்னிடம் இருப்பதும் அந்தக் காலத்துச் சின்ன வண்டிதான். போன மழையில் இருமி இருமி நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே வேர்வை போல நீர்த்துளிகள். துடைத்துவிட்டு, திறந்து மூடி மின்சாரத்தை வெட்டிவிடும் பிளாட்டினம் முனைகளைப் பார்த்தால், ஒன்றில் கடுகளவு பள்ளம், எதிரே உள்ளதில் அதே அளவு மேடு. ஒவ்வொரு பொறியும் அணு அணுவாக உலோகத்தை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. மகள் டார்ச் பிடிக்க, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தேன். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு சிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். அந்த உரசல் விரலுக்குத்தான் தெரியும்.

"நானும் பார்க்கட்டுமா, அப்பா?" என்று மகள் தகட்டை வாங்கி நுழைத்தாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினாள். மூடியைப் பொருத்திச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. வீடு சேரும்வரை இருவரும் பேசவே இல்லை. எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தோம்.