இரண்டாவது முறையும் கியர் போனது ஏன்?

அப்பாவின் டிரில்லிங் மெஷினில் இரண்டாவது முறையாகக் கியர் போனபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. 13 எம்எம் சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்), 600 வாட்ஸ், சாதாரண இம்பாக்ட் டிரில். வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. போன வருஷம் மோட்டார் ஓடும், சக் நின்றுவிடும் என்று கடையில் கொடுத்துக் கியர் மாற்றி வாங்கி வந்தோம். எட்டே மாதம்தான் தாங்கியது. சமையலறை அலமாரிக்கு மூன்றாவது ஓட்டை பாதி இறங்கும்போது கறகறவென்று ஒரு சத்தம், கூடவே கிரீஸ் கருகிய வாசனை, அப்புறம் மோட்டார் மட்டும் கத்துகிறது, பிட் சுவரிலேயே நிற்கிறது.

இந்தத் தடவை கடைக்காரர் "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிக்கோங்க" என்றார். மோட்டார் நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

பிளக்கைப் பிடுங்கியதும், மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் ஆர்மேச்சரை, அதாவது அந்தச் சுற்றும் பாகத்தை, இழுத்தால் பிரஷ் ஓரம் உடையும். சக்கைக் கழற்றுவதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சக்கின் வாயை முழுக்கத் திறந்தால் அடியில் ஒரு ஸ்குரூ தெரியும், அதற்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும், பழக்கத்தில் எதிர்ப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகித் தலை மழுங்கிவிடும். ஆனால் சக்குக்கு வழக்கமான மரைதான். பெரிய ஆலன் கீ ஒன்றைச் சக்கில் இறுக்கி, அதன் நீண்ட கையில் மரச்சுத்தியால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பட்டென்று ஒரு தட்டு, கழன்று வந்துவிடும்.

கியர் பெட்டியைத் திறந்தேன். கிரீஸ் கறுப்பாக இருந்தது, விரலில் எடுத்து வெயிலில் காட்டினால் மினுமினுவென்று இரும்புத் தூள். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது பெரிய கியரில் நான்கு பற்கள் வழித்தெடுத்தது போல் இருந்தன. கவனித்துப் பார்த்தால் பல் அடியோடு ஒடியவில்லை, நுனி மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. அதாவது இரண்டு கியரும் முழு ஆழத்துக்குக் கடிக்கவே இல்லை, நுனியோடு நுனி உரசிக்கொண்டு ஓடியிருக்கின்றன. கியர் மட்டமானது என்றால் இப்படித் தேயாது. ஏதோ ஒன்று அவற்றைத் தள்ளி வைத்திருக்கிறது.

அது என்னவென்று ஆர்மேச்சரே சொல்லிவிட்டது. அதன் தகட்டில் ஒரு இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்த தடம். ஆர்மேச்சர் எதையும் தொடாமல் நடுவில் சுற்ற வேண்டியது. சுற்றிலும் அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயிலில் உரசியிருக்கிறது என்றால் அதைத் தாங்குகிற பேரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முன்பக்கப் பேரிங்கைப் பிடித்து ஆட்டினேன், நன்றாகவே ஆடியது. கையால் சுற்றினால் மணல் அரைப்பது போல் இருந்தது. ஆர்மேச்சர் தண்டின் நுனியிலேயே வெட்டிய சின்னப் பல்தான் பெரிய கியரை ஓட்டுகிறது. அந்தத் தண்டு விலகினால் எத்தனை புதுக் கியர் போட்டாலும் நிற்காது. போன தடவை கியரை மட்டும் மாற்றி, பேரிங்கைத் தொடாமல் மூடிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்தான், திறந்த கையோடு ஒரு முறை ஆட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இம்பாக்ட் டிரில்லில் பேரிங் படும் பாடு கொஞ்சமில்லை. உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதால்தான் பிட் சுவரைக் குத்துகிற அந்த அடி வருகிறது. நிமிஷத்துக்கு 2800 சுற்று, வட்டில் 16 பல் என்றால் 44,800 அடி. அந்த அதிர்வோடு கான்கிரீட் தூளும் உள்ளே போகிறது.

பேரிங்கின் மேல் 608 என்று இருந்தது. உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 எம்எம். காந்திபுரம் பக்கம் பேரிங் கடையில் கிடைத்தது. தகரமூடி போட்ட இசட்இசட் வேண்டாம், தூசிக்கு ரப்பர் மூடி போட்ட 2ஆர்எஸ் கொடுங்கள் என்று கேட்டு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டையும் மாற்றினேன். கியருக்கு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனால் அங்கிருந்த பெரியவர் முதலில் கேட்டது, "பல்லை எண்ணிப் பாத்தியா தம்பி?" பழசைக் கையில் கொண்டுபோயிருந்தேன். எண்ணிப் பார்த்து, பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் பார்த்த பிறகுதான் எடுத்தார். ஆர்மேச்சர் பல்லில் நகத்தை ஓட்டிக் காட்டினார், தேய்ந்த இடத்தில் நகம் தட்டியது. பழைய பல்லோடு புதுக் கியர் சேர்ந்தால் புதுசையும் தின்றுவிடும் என்றார். ஆர்மேச்சரையும் சேர்த்தே வாங்கிவிட்டேன். செலவு கூடியதுதான், ஆனாலும் புது மெஷின் விலையில் பாதிகூட வரவில்லை.

பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியால் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழும், புதுப் பேரிங் அன்றைக்கே பழசாகிவிடும். சரியான அளவில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை உள்வளையத்தின் மேல் நிறுத்தி மெதுவாக இறக்கினேன். கிரீஸும் பெட்டி நிறைய அடைக்கக் கூடாது. மிஞ்சினது சூட்டில் உருகி மோட்டார் பக்கம் போய், பிரஷ் உரசுகிற செம்புப் பகுதியான கம்யூட்டேட்டரில் ஒட்டிக்கொள்ளும். பல்லை மூடுகிற அளவு லித்தியம் கிரீஸ் போதும்.

மூடியதும் சுவரில் வைக்காமல் ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டேன், பிரஷ் புதுக் கம்யூட்டேட்டரில் படிய வேண்டும். முதலில் கொஞ்சம் பொறி தெரிந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. சத்தம் ஒரே சீராக இருந்தது. உள்ளே இருந்த அப்பா சத்தம் கேட்டு வெளியே வந்து, பழைய கியரை எடுத்து அந்த நான்கு பற்களையும் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெஷினை வாங்கிக்கொண்டு போய், பாதியில் நின்ற மூன்றாவது ஓட்டையை அவரே முடித்தார்.