ஹிரோஷிமாவில் டிராம் சவாரி

ஹிரோஷிமாவில் மூன்று நாளும் டிராமிலேயே சுற்றினேன். இங்கே காசு கொடுப்பது இறங்கும்போதுதான். அது தெரியாமல் ஏறியதும் சில்லறையை நீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்த பாட்டி சைகையிலேயே உட்காரச் சொன்னார். இறங்கும்போது இன்னொரு கூத்து. ஓட்டுநர் பக்கத்திலுள்ள உண்டியல் மீதி தராது. ஆயிரம் யென் தாளை முதலில் சில்லறை மாற்றும் வாயில் செருக வேண்டும். நாணயங்கள் கொட்டும், அதை எண்ணி உண்டியலில் போட வேண்டும். நான் எண்ணி முடிக்கும்வரை பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட ‘உச்’ கொட்டவில்லை. நம்மூர் நடத்துநர் என்றால் என் பரம்பரையையே விசாரித்திருப்பார்.

கியோட்டோவில் 1978இல் டிராமை மூடியபோது, அங்கே ஓடிய வண்டிகளில் சில இங்கே வந்துவிட்டன. புது வண்டிகளுக்கு நடுவே அவை இன்னும் கடகடவென்று ஓடுகின்றன.

651, 652 என்ற எண்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். 1945 அணுகுண்டில் சேதமடைந்து, பழுது பார்க்கப்பட்டு மீண்ட வண்டிகள். குண்டு விழுந்த மூன்றாம் நாளே, ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஒரு சிறு பகுதியில் டிராம் மறுபடி ஓடியது. ஆண்கள் போருக்குப் போயிருந்ததால் அந்நாளில் பள்ளி மாணவிகளும் டிராம் ஓட்டினார்களாம். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள்!

மியாஜிமா தீவுக்குப் படகு பிடிக்க 2ஆம் எண் வண்டி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ரயில் சீக்கிரம் போய்விடும். இருந்தாலும் டிராம்தான் எனக்கு. ஜன்னலோர இடமும் கிடைத்தது.

651 மட்டும் கண்ணில் படவே இல்லை.