பதில் வராத கேள்விகளைத்தான் எண்ணுவார்கள்

2012 ஆகஸ்ட் 29 அன்று, இரண்டாம் முறை அதிபராகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஒபாமா, படிப்பவர்கள் போடும் ஓட்டைப் பொறுத்துப் பதிவுகள் மேலே ஏறும் ரெட்டிட் தளத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கூட்டம் தாங்காமல் தளம் திணறியது, பலருக்குப் பக்கமே திறக்கவில்லை. கேள்விகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பதில் கிடைத்தது பத்துக்கு.

அதிபருக்குப் பத்து போதும். அவர் வந்து உட்கார்ந்ததே செய்தி. தொகுதி வேட்பாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. முந்நூறு கேள்வி வந்து பத்துக்குப் பதில் போனால், மறுநாள் பேச்செல்லாம் மீதி இருநூற்றுத் தொண்ணூறைப் பற்றித்தான் இருக்கும். அதிலும் அதிக ஓட்டு வாங்கி மேலே நின்ற கேள்வியைத் தாண்டிப்போய், கீழே கிடந்த "உங்களுக்குப் பிடித்த விளையாட்டு எது?" என்பதற்குப் பதில் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. இணையத்தில் வாக்காளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்காரும் வேட்பாளரும் அவருடைய குழுவும் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

கணக்கு எளிது. கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ள அரை நிமிடம், வேட்பாளர் வாயால் பதில் சொல்ல இரண்டு நிமிடம், அதைத் தட்டச்சு செய்து, அவரிடம் காட்டி, திருத்தி, பதிவிட இரண்டரை நிமிடம். ஆக ஒரு பதிலுக்கு ஐந்து நிமிடம், ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பதில். தட்டச்சு செய்ய இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தால், ஒருவர் அடித்து முடிப்பதற்குள் வேட்பாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். பதினெட்டு, இருபது வரை எட்டும். மூன்றாவது ஆளைப் போட்டுப் பயனில்லை. வேட்பாளரின் வாய் ஒன்றுதான். எனவே தொண்ணூறு நிமிடம், இரண்டு தட்டச்சு ஆட்கள், இருபத்தைந்து பதில் என்று திட்டமிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

"நேரலையில் பேசிவிட்டால் இன்னும் வேகமாக முடியுமே" என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். முடியும்தான். ஆனால் நேரலைக் காணொளியில் பார்ப்பவருக்குப் படம் சில நொடிகளிலிருந்து அரை நிமிடம்வரை தாமதமாகப் போய்ச் சேரும். அவர் துணைக்கேள்வி கேட்கும்போது வேட்பாளர் வேறு விஷயத்தில் இருப்பார். ஓடிக்கொண்டே இருக்கும் பின்னூட்டங்களிலிருந்து கேள்வியைப் பொறுக்கித் தருபவர் பக்கத்தில் இருக்கும் உதவியாளர். எதை விட்டார், ஏன் விட்டார் என்பது வெளியே தெரியாது, சந்தேகம் மட்டும் மிஞ்சும். ஒன்றரை மணி நேரக் காணொளியில் தன் ஊர்ச் சாலையைப் பற்றி என்ன சொன்னார் என்று தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது, வெட்டிய பன்னிரண்டு நொடித் துண்டு மட்டும் எல்லார் கைக்கும் போய்ச் சேரும். முகம் தெரிய வேண்டும் என்றால் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் காணொளி போடுங்கள். பதில்கள் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்விகளை அந்த நேரத்தில் வாங்கத் தொடங்குவது பெரிய பிழை. மூன்று நாள் முன்னதாகவே பக்கத்தைத் திறந்து, கேள்வி கேட்கவும் பிறர் கேள்விக்கு ஓட்டுப் போடவும் விட வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் வந்த கேள்விகள் மேலே ஏறிவிடும்; மேலே இருப்பதால் இன்னும் ஓட்டு விழும்; இரண்டாம் நாள் வந்த நல்ல கேள்வி அடியிலேயே கிடக்கும். இதைத் தவிர்க்க, முதல் நாள் முழுவதும் ஓட்டு எண்ணிக்கையை மறைத்துக் கேள்விகளைக் கலைத்துக் கலைத்துக் காட்டும் வசதியை இயக்குங்கள். ரெட்டிட் போன்ற தளங்களில் அது இருக்கிறது. இல்லாத தளம் என்றால் படிவம் ஒன்றில் கேள்விகளை வாங்கி, இரண்டாம் நாள் காலையில் மொத்தமாகப் பட்டியல் போட்டு அதன்பின் ஓட்டுக்கு விடலாம். நிகழ்வுக்கு ஒரு மணி நேரம் முன் ஓட்டெடுப்பை மூடிவிட வேண்டும்.

விதியையும் அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதிப் போடுங்கள். "அதிக ஓட்டு பெற்ற முதல் பத்துக்கு, எதுவாக இருந்தாலும், பதில் உண்டு. அடுத்த பத்து வெவ்வேறு துறைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும். கடைசிப் பதினைந்து நிமிடம் துணைக்கேள்விகளுக்கு." இவ்வளவு போதும். முன்கூட்டி எழுதிய விதி, சங்கடமான கேள்வி மேலே வரும்போது குழுவுக்குள் எழும் "இதை விட்டுடலாமே" என்ற குரலை அடக்கும். உண்மையில் அதன் முதல் பயன் அதுதான்.

திட்டமிட்டு ஓட்டுக் குவிப்பது நடக்கும். 2009 மார்ச் 26 அன்று வெள்ளை மாளிகை இணையவழிக் கேள்வி நேரம் நடத்தியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் வந்தன, 35 லட்சத்துக்கும் மேல் ஓட்டுகள் விழுந்தன. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றிய கேள்விகள் பல பிரிவுகளில் மேலே வந்து நின்றன. ஒபாமா அதை ஒரு நகைச்சுவையோடு தொட்டு, "இல்லை" என்று சொல்லி நகர்ந்தார். அரங்கம் சிரித்தது, ஓட்டுப் போட்டவர்கள் சிரிக்கவில்லை. ஓர் அமைப்பு ஆள் திரட்டி ஓட்டுப் போடுவது மோசடி ஆகாது, அரசியலே அதுதான். நூறு பேர் ஒரே கேள்வியைச் சுமந்து வந்தால் அதற்கு ஒரே ஒரு முறை, ஆனால் முழுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அதே பொருளில் வந்த மற்றவற்றின் கீழ் அந்தப் பதிலின் இணைப்பைப் போட்டுவிடலாம். போலிக் கணக்குகள் வேறு சங்கதி: பத்தே நிமிடத்தில் இருநூறு ஓட்டு, எல்லாம் அதே வாரம் தொடங்கிய கணக்குகள், எழுத்துப் பிழைகூட மாறாத ஒரே வாசகம். அப்போதும் கேள்வியை அழிக்காதீர்கள். ஓட்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள்.

சொந்தக் கட்சிக்காரர்களே "அண்ணே, உங்கள் சாதனைகளில் உங்களுக்கு மிகவும் நிறைவு தந்தது எது?" என்று கேட்பது இன்னொரு கூத்து. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டியதில்லை. கேட்டவர் பெயரைச் சொடுக்கினால் பழைய பதிவுகளில் கட்சிக்கொடி தெரியும். ஒரு கேள்வி அப்படிப் பிடிபட்டால் உண்மையான மற்ற கேள்விகளும் நாடகமாகத் தோன்றும். 2007 நவம்பர் 28 அன்று சிஎன்என்னும் யூடியூபும் சேர்ந்து நடத்திய அமெரிக்கக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் விவாதத்தில் கேள்வி கேட்ட ஒருவர், எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியின் ஒரு வேட்பாளர் முகாமோடு தொடர்புடையவர் என்று பிறகு தெரியவந்தது. தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியை எடுத்திருக்கமாட்டோம் என்று தொலைக்காட்சி விளக்கம் சொல்லும்படி ஆனது. கட்சிக்காரர் கேட்கக் கூடாது என்றில்லை, தான் யார் என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.

இனி பதில். நூறு சொல்லுக்குள் அடங்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே ஆம், இல்லை, என் அதிகாரத்தில் இல்லை, இந்த மூன்றில் ஒன்று வந்துவிட வேண்டும். பிறகு எண்ணும் தேதியும். பிறகு அந்த வேலை யாருடையது: உள்ளாட்சியா, மாநில அரசா, மத்திய அரசா. வாக்காளருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வேட்பாளருக்கு உண்டு.

"எங்கள் தெருவில் ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு "மக்களின் துயரம் என் துயரம், ஆவன செய்யப்படும்" என்றால் அது பதிலே இல்லை. "வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பு. நான் வென்றால் நேரடியாக உத்தரவிட முடியாது. என் தொகுதி நிதியிலிருந்து வாய்க்காலைத் தூர்வாரப் பணம் ஒதுக்க முடியுமா என்று விதியைப் பார்த்தேன். பராமரிப்புக்கு அனுமதி இல்லை, புதிய வடிகால் கட்ட உண்டு. முதல் ஆண்டுப் பரிந்துரையில் இதைச் சேர்ப்பேன்." இது கேட்டவருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் பதில். (நிதி விதி இடத்துக்கு இடம் மாறும், இந்த வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.)

எண்களை நினைவிலிருந்து சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஆகவே நிகழ்வுக்கு முந்தைய நாள் இரவே ஒரு தாள் தயாராக வேண்டும். தொகுதியில் அடிபடும் இருபது, இருபத்தைந்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், அது எந்த ஆண்டுக்கானது, எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற மூன்று கட்டம். ஆண்டு இல்லாத எண் ஆபத்து. ஐந்தாண்டுக்கு முந்தைய கணக்கை இன்றையதாகச் சொல்லிவிட்டால், எதிர்த்தரப்பு திருத்திக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அதே தாளில் வேட்பாளரின் பழைய பேச்சும் சட்டமன்ற ஓட்டும் இருக்கட்டும். "போன முறை இதற்கு எதிராகத்தானே ஓட்டுப் போட்டீர்கள்?" என்ற கேள்வி எல்லா இடத்திலும் வரும். தெரியாததற்குத் "தெரியாது, நாளை மாலை ஆறு மணிக்குள் இதே இடத்தில் எழுதுகிறேன்" என்று சொல்லலாம். ஆனால் அதை எழுதப்போகிறவர் யார் என்று அந்த நிமிடமே குழுவில் ஒருவர் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காத வாக்குறுதி காணாமல் போகும்.

"என் மகனுக்கு வேலை வாங்கித் தருவீர்களா?" வகைக் கேள்விகளில் கவனம் தேவை. தேர்தல் நேரத்தில் தனி ஒருவருக்குப் பலன் தருவதாகச் சொல்வது பல நாடுகளின் சட்டத்தில் ஓட்டுக்குத் தரும் தூண்டுதலாகவே பார்க்கப்படும். "வந்து என்னைப் பாருங்கள்" என்ற இரக்கமான ஒரு வரிகூட வம்பில் மாட்டிவிடும். விண்ணப்பிக்கும் வழியைச் சொல்லி நிறுத்திக்கொள்வதே சரி. இப்படிக் கேட்பவர்கள் பலர் கைபேசி எண், மனு எண், நோய் விவரம் எல்லாவற்றையும் பொதுவில் கொட்டிவிடுவார்கள். பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துபவர் அவற்றை உடனே மறைத்து, கேள்வியை மட்டும் விட வேண்டும்.

மறைப்பது என்று வந்ததால் ஒன்று. மிரட்டல், சாதி மத வெறுப்பு, பிறருடைய தனி விவரம், இவை போகட்டும். கடுமையான விமர்சனம் இருக்கட்டும். முடிவில் எத்தனை நீக்கப்பட்டன, எந்தக் காரணத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கை போடுங்கள். நீக்கிய கேள்வியின் ஸ்க்ரீன்ஷாட் எப்படியும் யாரிடமாவது இருக்கும்.

பதில் சொல்பவர் உண்மையிலேயே வேட்பாளர்தான் என்பதற்குச் சான்றாக, அன்றைய தேதியும் நேரமும் கையால் எழுதிய தாளோடு ஒரு படம், அவருடைய அதிகாரபூர்வக் கணக்கில் அறிவிப்பு, இரண்டும் வேண்டும். தட்டச்சு செய்பவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து முழுவதுமாக வெளியேறியிருக்க வேண்டும். வேட்பாளரின் பதில் உதவியாளர் பெயரில் வெளியாவதும், அதைவிட மோசமாக, "அருமையான பதில் தலைவரே" என்பது வேட்பாளரின் கணக்கிலிருந்தே போவதும் இந்த ஒரு கவனக்குறைவால்தான். கணக்குக்குள் நுழையக் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு எண் வரும் கைபேசி அறைக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டாவது இணைய இணைப்பு ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

நாள் குறிக்கும்போது, பிரசாரம் செய்யத் தடையுள்ள ஓய்வு நேரத்தைப் பாருங்கள். இந்தியாவில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம்; சிங்கப்பூரில் 2011 முதல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள்; பிரான்சில் ஞாயிறு வாக்குப்பதிவு என்றால் வெள்ளி நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. "நாளைக்குள் எழுதுகிறேன்" என்று சொன்ன பதில் அந்த நேரத்துக்குள் போய் விழுந்தால் சிக்கல். வாக்குப்பதிவுக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு நடத்தினால், விட்டுப்போனதை எழுதவும் தவறைத் திருத்தவும் இடம் கிடைக்கும். திருத்தும்போது பழைய வரியை அழிக்காமல் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். காசு கொடுத்து அந்தப் பதிவைப் பரப்பினால் அது விளம்பரம். செலவுக் கணக்கில் ஏற வேண்டும், சில இடங்களில் முன் அனுமதியும் வேண்டும்.

முடிந்த பிறகு போட வேண்டியது ஒரு சின்ன அட்டவணை: வந்தவை, பதில் சொன்னவை, ஒன்றாகச் சேர்த்தவை, நீக்கியவை, மிச்சம். இதை நீங்கள் போடாவிட்டால் வேறொருவர் போடுவார். ஜெர்மனியில் 2004 முதல் இயங்கும் அப்கேஓர்ட்னேடன்வாட்ச் என்ற தளம் இதையே வேலையாகச் செய்கிறது. மக்கள் பிரதிநிதிகளிடமும் வேட்பாளர்களிடமும் பொதுவில் கேள்வி கேட்கலாம். எத்தனைக்குப் பதில் வந்தது என்பது ஒவ்வொருவர் பெயரோடும் நிற்கும்.

கேட்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஒரு கேள்வியில் ஒன்றைத்தான் கேளுங்கள். மூன்றைக் கோத்தால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். "ஏன் எதுவுமே செய்யவில்லை?" என்பது மழுப்பலுக்கு விரிக்கும் கம்பளம். "இந்தப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டி மூன்றாண்டு ஆகிறது, வேலை எந்த மாதம் தொடங்கும், தொடங்காது என்றால் எதனால்?" என்று கேட்டால் நழுவ இடம் குறைவு. துணைக்கேள்வியை முன்பே எழுதி வைத்திருங்கள். பதில் வந்ததும் அந்தப் பக்கத்தை அன்றிரவே, இணையப் பக்கங்களைப் பிரதியெடுத்துக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து, படமாகவும் எடுத்து, தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். தேர்தலுக்கென்று தொடங்கிய கணக்குகளும் பக்கங்களும் முடிவு வந்த பிறகு நெடுநாள் தங்குவதில்லை.