ஆகஸ்ட் குறிப்புகள்: மாவோவின் மாம்பழம்

ஆகஸ்ட் 5

சீனக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மாவோ, எதிரிகளையும் பழமையையும் ஒழிக்க 1966-இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைய தேதிக்கு அந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1966 ஆகஸ்ட் 5 அன்றுதான் 'தலைமையகத்தைத் தாக்குங்கள்' என்று மாவோ தன் கைப்பட எழுதினார். நாட்டின் அதிபராக இருந்த லியூ ஷாவோச்சியின் பெயர் அதில் இல்லை. குறி அவர்தான் என்பது கட்சிக்குள் எல்லோருக்கும் புரிந்தது.

அதே நாளில் பெய்ஜிங்கின் பெண்கள் பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியை பியான் ஜோங்யுன் தன் மாணவிகளாலேயே அடித்துக் கொல்லப்பட்டார். நான்கு பிள்ளைகளின் தாய். கணவர் மறுநாள் ஒரு கேமரா வாங்கி வந்து மனைவியின் உடலைப் படம் எடுத்து வைத்தார். புகார் சொல்ல இடமில்லாத ஊரில் அந்த மனிதர் சாட்சியைத் தானே உண்டாக்கிக்கொண்டார். அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பெய்ஜிங்கில் மட்டும் 1,772 பேர் கொல்லப்பட்டதாகப் பின்னாளில் வந்த அரசுக் கணக்கு சொல்கிறது.

ஆகஸ்ட் 7

பழைய சிந்தனை, பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய பழக்கம். இந்த நான்கையும் ஒழிக்கக் கிளம்பிய 'செங்காவலர்கள்' பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். சோவியத் தூதரகம் இருந்த தெருவுக்கு 'திரிபுவாத எதிர்ப்பு' என்று பெயர் மாற்றினார்கள் (சோவியத் கட்சி மார்க்சியத்தைத் திரிக்கிறது என்பது மாவோவின் குற்றச்சாட்டு). அமெரிக்கச் செல்வர் ராக்ஃபெல்லரின் பணத்தில் எழுந்த மருத்துவமனை 'ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை' ஆனது. சிவப்பு விளக்கைக் கண்டு வண்டிகள் நிற்பது புரட்சிக்கே இழுக்கு, இனிச் சிவப்புக்குத்தான் போக வேண்டும் என்றுகூடக் கேட்டார்கள். பிரதமர் சூ என்லாய் தடுத்துவிட்டார்.

இதுவரை சிரித்துக்கொண்டே படிக்கலாம். நவம்பரில் செங்காவலர்கள் கன்ஃபூசியஸ் பிறந்த குஃபூவுக்குப் போனார்கள். கல்வெட்டுகளை உடைத்தார்கள், கல்லறைகளைத் தோண்டினார்கள். அழிந்த தொல்பொருள்கள் 6,000-க்கும் மேல். பெய்ஜிங் அரண்மனை தப்பியது, சூ என்லாய் கதவுகளை அடைக்கச் சொன்னதால். இதே சூ என்லாய் மற்ற பல உத்தரவுகளில் கையெழுத்திட்டவர் என்பதால் அவரை முழுதாகப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 10

இன்று முழுக்க மாம்பழம்தான்.

1968 கோடைக்குள் செங்காவலர்கள் பல கோஷ்டிகளாகப் பிரிந்து ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சண்டையை நிறுத்த ஜூலை 27 அன்று ஆலைத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். மாணவர்கள் ஈட்டியும் கையெறி குண்டுமாக எதிர்த்ததில் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று (மறுபடியும் இதே தேதி) பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் தனக்குப் பரிசாகக் கொடுத்த மாம்பழங்களை மாவோ அந்தத் தொழிலாளர்களுக்கு அனுப்பி வைத்தார். இனி அதிகாரம் மாணவர்களிடம் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

வட சீனத்தில் பெரும்பாலோர் மாம்பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. இரவெல்லாம் விழித்திருந்து தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். ஆலைக்கு ஒன்றாகப் பங்கிட்டார்கள். ஒரு நெசவாலையில் பழத்துக்கு மெழுகு பூசி மேடையில் வைத்தார்கள். தொழிலாளர்கள் வரிசையில் வந்து வணங்கினார்கள். பழுத்த பழம் எத்தனை நாள் தாங்கும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அழுகத் தொடங்கியதும் தோலுரித்துப் பெரிய பாத்திரத்தில் நீர் விட்டுக் கொதிக்க வைத்து, ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தார்கள், கோயிலில் தீர்த்தம் தருவது போல. பிறகு மெழுகு மாம்பழங்கள் கண்ணாடிப் பேழைகளில் ஊர் ஊராகப் போயின. அக்டோபர் 1 அணிவகுப்பிலும் மாம்பழம் பவனி வந்தது. "சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கிறது" என்று சொன்ன பல் மருத்துவர் ஒருவர் மரண தண்டனை பெற்றதாகவும் பதிவு இருக்கிறது.

வழிபாட்டு மேடைகளை இடித்தவர்களின் நாட்டில் இரண்டே ஆண்டில் இது நடந்தது. பழைய பழக்கம் ஒழிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மேடை இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் இருந்ததைத்தான் மாற்றினார்கள்.

ஆகஸ்ட் 11

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், பழைய தோழர், தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். "வெறுங்கால் மருத்துவர்களைப் பற்றி ஒரு வரி உண்டா ஐயா?" நியாயம்தான். அந்தப் புரட்சிக் காலத்தில் சில மாதப் பயிற்சியோடு கிராமத்திலேயே தங்கித் தடுப்பூசி போட்டவர்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர்கள். அது உண்மையான வேலை. ஆனால் அதற்காகத் தலைமையாசிரியைகளை அடித்திருக்க வேண்டியதில்லை என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 14

1968 டிசம்பரில் நகரத்து இளைஞர்களைக் கிராமத்துக்குப் போகச் சொன்னார் மாவோ. அந்த இயக்கத்தில் மொத்தம் சுமார் 1.7 கோடி பேர் போனார்கள். செங்காவலர்களாக ஆடியவர்களில் பலர் இப்போது பன்றிக்கொட்டிலில். இதில் பழிக்குப் பழி கண்டு மகிழ முடியவில்லை. பலருக்கு அப்போது பதினாறு, பதினேழு வயதுதான்.

1966-இல் நின்றுபோன பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, மாவோ இறந்த மறு ஆண்டு, 1977 டிசம்பரில்தான் திரும்ப நடந்தது. வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் 57 லட்சம் பேர் வந்து எழுதினார்கள். இடம் கிடைத்தது சுமார் 2,70,000 பேருக்கு. வினாத்தாள் அச்சிடக் காகிதம் போதவில்லை. மாவோவின் தேர்ந்தெடுத்த படைப்புகளின் ஐந்தாம் தொகுதிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காகிதத்தை எடுத்து அச்சடித்தார்கள் என்று சொல்கிறார்கள்.